அறுந்து கிடந்த ரப்பர்

இட்டுக்கட்டிச் சொல்ல எனக்கு வராது. இது என் தங்கையின் கணவருக்கு நடந்தது. அவர் உயிரோடுதான் இருக்கிறார். வேண்டுமானால் போய்க் கேளுங்கள். பாதியிலேயே அழுதுவிடுவார்.

மாப்பிள்ளைக்குப் பழைய வண்டி என்றால் பைத்தியம். பின்பக்கம் எஞ்சின் வைத்த வேன் ஒன்றைச் சல்லிசாக வாங்கி வந்தார். ரேடியேட்டர், தண்ணீர் எதுவும் கிடையாது; காற்றிலேயே சூடு தணியும் எஞ்சின். அதைச் சுற்றி ஒரு ரப்பர் பட்டை இருக்க வேண்டும். இல்லையென்றால் அடியில் வெளியேறும் புகை மேலே ஏறும். ஹீட்டர் குழாய் அதை வண்டிக்குள் இழுத்துவிடும். உள்ளே தூங்குகிறவர்கள் எழுந்திருக்க மாட்டார்கள்.

"பாப்பா ஏறப்போற வண்டி. முதல்ல இந்தப் பழைய ரப்பரை மாத்திடணும்," என்றார்.

தகர விளிம்பில் சோப்புத் தண்ணீர் தடவினார். மழுங்கிய ஸ்க்ரூடிரைவரால் புது ரப்பரைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திணித்தார். விரல் நுனியெல்லாம் புண்.

மறுநாள் காலை பட்டை தரையில் கிடந்தது. நடுவில் ஒரு வெட்டு. நேராக... சுத்தமாக.

எலியாக இருக்கும் என்று வேறு பட்டை போட்டார். அதுவும் அறுந்தது. எலி இப்படி நேராகவா கடிக்கும்? மூணாவதைப் போட்டு ஷெட்டைப் பூட்டினார். அப்படியும் அறுந்தது.

ஞாயிற்றுக்கிழமை, நல்ல வெயில். நாலாவது பட்டையை மாட்டிவிட்டு, சாப்பிட்டு, கட்டிலில் சாய்ந்தார். அசதியில் கண் சொக்கிவிட்டது.

ஓர் அலறல்... என் தங்கையின் குரல்.

வெறுங்காலோடு ஓடினார். ஷெட் கதவு திறந்திருந்தது. எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது.

டப்... டப்... டப்...

தங்கையின் தோளில் பாப்பா. தலை தொங்கிக்கொண்டிருந்தது.

"கிட்ட வராதீங்க!"

"என்னம்மா ஆச்சு? இப்பத்தான் எழுந்து வர்றேன்..."

"பொய்! ஜன்னல் வழியா பார்த்தேன். பாப்பாவை உள்ள படுக்க வச்சு, கண்ணாடியெல்லாம் ஏத்திவிட்டு... பாட்டுப் பாடிக்கிட்டே ரப்பரை அறுத்தீங்க. என்னைப் பார்த்துச் சிரிச்சீங்க!"

"நானா?"

"நீங்கதான்!"

அவர் திரும்பிப் பார்த்தார்.

ரப்பர் தரையில் கிடந்தது.

பாப்பா பிழைத்துவிட்டாள். ஆனால் ஆஸ்பத்திரியிலிருந்து நேராக எங்கள் வீட்டுக்கு வந்த தங்கை திரும்பிப் போகவே இல்லை. மாப்பிள்ளை வாசலில் நின்று கெஞ்சுவார். இவள் கதவைத் திறப்பதில்லை. உண்மையைச் சொன்னால், நானும் அவரை நம்பவில்லை.

ஒருநாள் அந்த வேனை விற்ற அம்மாவைத் தேடிப் போனேன்.

"அது என் தம்பி வண்டி," என்றார் அவர். "அவன் ஜெயில்ல இருக்கான். பொண்டாட்டியும் பையனும் அதுக்குள்ளதான் புகையில செத்தாங்க. இவன் ரப்பரை அறுத்ததைப் பக்கத்து வீட்டுல ரெண்டு பேர் கண்ணால பார்த்தாங்களாம்."

"அவர் என்ன சொன்னார்?"

"தூங்கிட்டிருந்தேன்னான். நானும் கோர்ட்ல சொல்லிப் பார்த்தேன். அக்காக்காரி பேச்சை யாரு எடுத்துப்பாங்க?"

"நீங்க என்ன சொன்னீங்க?"

அவர் என்னையே பார்த்தார்.

"அன்னைக்கு அவனுக்குக் காய்ச்சல், தம்பி. அந்த நேரம்... அவன் என் மடியில தலை வச்சுத் தூங்கிட்டிருந்தான்."