ஃபேனுக்குக் கீழே காய்ந்த மண்

ராத்திரி இந்த நேரத்தில் நம் குரூப்பில் எழுதுவதற்கு எல்லோரும் மன்னித்துக்கொள்ளுங்கள். பாப்பா இப்போதுதான் கண் அசந்தாள். எனக்குத்தான் தூக்கம் வரவில்லை.

ஈரத் துண்டு, நல்லெண்ணெய், இத்துப்போன தென்னை மரம்... மூன்றும் ஒரே பைக்குள் கிடந்தால் ஒரு வாசனை வரும். இன்றைக்குச் சாயந்திரம் மாடியில் கறிவேப்பிலைத் தொட்டியைக் கிளறினேன். அந்த வாசனை அப்படியே வந்தது. கூடவே ஒரு வெள்ளைப் புழுவும் வந்தது.

ஜெபா, உடனே உன் ஞாபகம்தான்.

நானும் ஜெபாவும் காலேஜ் முடித்து, தென்காசியில் ஒரே ஸ்கூலில் டீச்சராகச் சேர்ந்த வருடம். ஒரு வீட்டின் மாடி போர்ஷனில் இருந்தோம். குற்றாலத்தில் சாரல் சீசன் தொடங்கிவிட்டால் ஞாயிற்றுக்கிழமை எண்ணெய் தேய்த்துக்கொண்டு ஐந்தருவிக்குப் பஸ் ஏறிவிடுவோம். குளித்துவிட்டுத் திரும்பும்போது தோப்போரமாகக் கொஞ்ச தூரம் நடப்போம். அங்கேதான் அந்தத் தென்னை விழுந்து கிடந்தது. தொட்டாலே கருப்புத் தூளாக உதிரும்.

“பாருட்டி, காப்பித்தூள் மாதிரி கெடக்கு. இதவிட நல்ல உரம் எங்கன கெடைக்கும்?” என்றாள் ஜெபா.

துண்டு வைத்திருந்த பையிலேயே அள்ளினோம். பஸ்ஸில் பக்கத்து சீட்டு அண்ணாச்சி தென்காசி வரும்வரை மூக்கிலிருந்து கையை எடுக்கவில்லை.

அதைத்தான் எல்லாத் தொட்டிக்கும் போட்டோம். கத்தரி, மிளகாய், அப்புறம் ஜெபாவின் பிச்சிக்கொடி. பாவூர்சத்திரத்தில் அவர்கள் வீட்டை விற்கும் முன்னால் வேலியிலிருந்து ஒடித்துக்கொண்டு வந்த கொடி அது. அந்த வீட்டில் இருந்து அவளிடம் மிச்சம் அது ஒன்றுதான்.

மக்கின தென்னைக்குள் வண்டு முட்டையிடும் என்று எங்களுக்கு யார் சொன்னார்கள்?

கொஞ்ச நாளில் கத்தரி தலையைத் தொங்கப்போட்டது. தண்ணீர் போதவில்லை போல என்று ஊற்றினோம். இன்னும் தொங்கியது. இன்னும் ஊற்றினோம். வெளியே சாரல் அடிக்கிறது, தொட்டி சேறாகக் கிடக்கிறது, நாங்கள் வாளியோடு நிற்கிறோம்... மண் ஈரமாக இருந்தும் செடி வாடுகிறது என்றால் கோளாறு வேரில்தான் என்று அப்போது தெரியாது. மிளகாய்ச் செடியை லேசாகத்தான் இழுத்தேன். கையோடு வந்துவிட்டது. அடியில் வேரே இல்லை.

எல்லாத் தொட்டியையும் சாக்கில் கவிழ்த்தோம். கட்டைவிரல் தண்டிக்குப் புழுக்கள். வெள்ளை உடம்பு, பழுப்புத் தலை, பிறை மாதிரி வளைந்து. ஜெபா ஒன்றை எடுத்து உள்ளங்கையில் வைத்துக்கொண்டாள்.

“ஏட்டி, நம்ம எட்டாங்கிளாஸ் பிள்ளைய மாதிரில்லா இருக்கு. கேள்வி கேட்டா சுருண்டு படுத்துக்கிடுது.”

அதற்குள் கீழ்வீட்டு ஓனர் அக்காவின் கோழிகள் படியேறி வந்துவிட்டன. பின்னாலேயே அக்காவும்.

“டீச்சர்மாரே, எங்கோழிக்கு என்னத்தப் போடுதிய?”

“புழுக்கா. செடி வேர எல்லாம் தின்னுட்டு.”

“மருந்து கிருந்து வச்ச மண்ணு இல்லல்லா?”

“ஒண்ணும் வைக்கலக்கா.”

“அப்பம் தின்னட்டும். நான் வீட்ட வாடகைக்கு விட்டனா, வயக்காட்ட விட்டனான்னு தெரியல.”

கத்தரியும் மிளகாயும் போய்விட்டன. பிச்சியில் மட்டும் கொஞ்சம் வேர் மிச்சம் இருந்தது. ஜெபா கொடியைத் தாங்கிப் பிடித்துக்கொண்டாள். வேரை வாளித் தண்ணீரில் அலசி, அரித்த நுனிகளை நான்தான் நறுக்கினேன். மண்ணை வெயிலில் நன்றாகக் காயவைத்து, வேப்பம் புண்ணாக்குக் கலந்து திரும்ப நடச் சொன்னார்கள் உரக்கடையில்.

வெயிலா? சீசனிலா?

மேகம் விலகினால் சாக்கை வெளியே இழுப்போம். தூறல் விழுந்தால் உள்ளே இழுப்போம். “வடகத்தக் காயப்போட்டுப் பாத்திருக்கேன், மண்ணக் காயப்போடுதவளுகள இப்பந்தான் பாக்கேன்” என்று அக்கா தெருவுக்கே சொல்லிச் சிரித்தார். கடைசியில் ஹாலில் ஃபேனுக்குக் கீழே பரப்பிவிட்டோம். மண் ஒரு பக்கம், நாங்கள் இரண்டு பேரும் ஒரு பக்கம். பரீட்சைப் பேப்பர் திருத்தினால் பேப்பரெல்லாம் தூசி. சோற்றில்கூட ஒரு நரநரப்பு... சிரித்துக்கொண்டே சாப்பிட்டோம்.

பிச்சி தளிர்த்தது. முதல் மொட்டைக் காட்ட, ஜெபா சோப்பு நுரையோடு இருந்த என்னைப் பாத்ரூம் கதவைத் தட்டிக் கூப்பிட்டாள்.

இப்போது என் தொட்டியில் அதே புழு. கறிவேப்பிலை இரண்டு நாளாகத் தொங்குகிறது. அந்த இலையைப் போட்டுத்தான் பாப்பாவின் பருப்புச்சோற்றுக்குத் தாளிக்கிறேன். அவளோ இப்போதுதான் தவழ ஆரம்பித்திருக்கிறாள். முந்தாநாள் வாயைத் திறந்து பார்த்தால் நாக்கில் மண். என் வீட்டுக்காரர் புழுவைக் கொல்லக் குருணை மருந்து வாங்கி வந்து ஷெல்ஃபின் மேல் தட்டில் வைத்திருக்கிறார், காலையில் போட. “ஒரு பிடி போட்டா தீந்துச்சு. நீ ஏன் கெடந்து இப்படிப் பயப்படுத?” என்கிறார். அது வேர் வழியாக இலைக்கும் ஏறும் என்று படித்ததிலிருந்து எனக்கு அந்த ஷெல்ஃப் பக்கமே போகப் பிடிக்கவில்லை.

கவிழ்த்துப் பொறுக்கிவிடலாம்தான். அன்றைக்கு வெறும் கையால் பொறுக்கினேன். இன்று ஒரு புழுவைப் பார்த்ததற்கு மூன்று தடவை கை கழுவிவிட்டுத்தான் பிள்ளையைத் தூக்கினேன். அப்போது மட்டும் என்ன தெரியும் எங்களுக்கு? ஒன்றும் தெரியாது. ஆனால் தெரியாததை இரண்டு பேராக இருந்து செய்தோம். இப்போது போனில் ஆளுக்கு ஒன்று சொல்கிறார்கள். பக்கத்தில் உட்கார்ந்து சாக்கின் மறுமுனையைப் பிடிக்கத்தான் யாரும் இல்லை.

ஜெபா, எல்லாம் ஞாபகம் இருக்கிறது, இது மட்டும் இல்லை. மண் காய்கிறவரை பிச்சியை எதில் வைத்திருந்தோம்? தண்ணீரிலா, ஆற்று மணலிலா? புண்ணாக்கு ஒரு தொட்டிக்கு ஒரு பிடியா, ஒரு தேங்காய்ச் சிரட்டையா? அவர் காலையில் மாடி ஏறுவதற்கு முன்னால் நான் தொட்டியைக் கவிழ்க்க வேண்டும். பார்த்ததும் பதில் போடு. மற்றவர்களுக்குத் தெரிந்தாலும் சொல்லுங்கள், சீக்கிரம்.