கீழ்வீட்டுச் சோபா

விதி இதுதான்: மூடப்பட்ட அரசு ஆலையில் வேலை இழந்தவர், அரசுக் கடன் கழகத்தில் வாங்கிய வீட்டுக்கடனைக் கட்ட முடியாமல் போனால், நிலுவை வட்டியைத் தள்ளுபடி செய்யலாம். மனுவின் மீது முடிவெடுக்கும்வரை வீட்டை ஏலம் விடக் கூடாது. மனுதாரர் வீட்டின் எந்தப் பகுதியையும் வாடகைக்கோ போக்கியத்துக்கோ விட்டிருக்கக் கூடாது. அவர் வசதியற்றவர் என்று ஆய்வாளர் நேரில் பார்த்துச் சான்றளிக்க வேண்டும்.

நல்ல ஆணை. செயலகத்தில் கோப்புகளோடு குடும்பம் நடத்தி ஓய்வு பெற்றவன் சொல்கிறேன், இவ்வளவு கச்சிதமாக எழுதப்பட்டதை நான் அதிகம் பார்த்ததில்லை. கதவைத் திறந்து வைத்து, வாசற்படியை மட்டும் ஆள் உயரத்துக்குக் கட்டியிருந்தார்கள்.

லிங்கராஜபுரத்தில் எங்கள் எதிர்வீட்டுக்காரர் அந்த ஆலையில் லேத் ஓட்டியவர். ஆலை மூடியதும் கையில் கொடுத்த பணம் மகளின் கல்யாணத்துக்கும் மனைவியின் ஆபரேஷனுக்கும் போயிற்று. வீட்டுத் தவணை நின்றது. கழகத்திலிருந்து நோட்டீஸ் வந்தபோது இந்த ஊரில் எல்லாரும் செய்வதைத்தான் அவரும் செய்தார். கீழ்வீட்டைப் போக்கியத்துக்கு விட்டார். குடிவருபவர் மொத்தமாக ஒரு தொகை கொடுப்பார், வாடகை கிடையாது, காலம் முடிந்தால் அதே தொகையைத் திருப்பித் தரவேண்டும். வந்த பணம் அப்படியே கழகத்துக்குப் போய்ப் பழைய வட்டியில் கரைந்தது. கணவனும் மனைவியும் மொட்டை மாடியில் ஷீட் போட்ட ஒற்றை அறைக்குப் போனார்கள்.

கீழே வந்தவர் அடுகோடியில் கார் சீட் தைக்கிற பட்டறை வைத்திருந்த பாய். வீடு ஏலம் போனால் அவருடைய போக்கியப் பணமும் போகும்.

அரசாணை அதற்குப் பிறகு வந்தது. நான் செய்தித்தாளோடு மாடிக்குப் போனேன். எதிர்வீட்டுக்காரர் அதைக் கையில் வாங்கவே இல்லை.

"கடன் வாங்குனது நான். அடுத்தவன் வரிப்பணத்துல எதுக்கு சார் கட்டணும்?"

அவர் மனைவி அரிசி களைந்துகொண்டிருந்தார். "ஆமா, இவரு பெரிய கவர்னரு. ஃபேக்டரிய நஷ்டத்துல ஓட்டுனானே, அந்த ஆபீசருங்களுக்கு யாரு பணத்துல கார் ஓடுச்சு? நீங்க எழுதுங்கண்ணா. இவரு கையெழுத்து போடுவாரு."

வேலையில் இருந்தபோது நானும் தள்ளுபடிக்கு எதிராகக் குறிப்பெழுதியவன்தான். ஒருவருக்குத் தள்ளினால் ஒழுங்காகக் கட்டுகிறவன் ஏமாளி ஆகிறான் என்பது வாதம். அதில் தவறு இல்லை. ஆனால் ஆலையின் நஷ்டத்தை ஆண்டுதோறும் தள்ளி எழுதிய கோப்புகளும் என் மேசை வழியாகவே போயின. அவற்றை ஓரத்தில் நின்று ஆய்வாளர் யாரும் எட்டிப் பார்த்ததில்லை. நான் மனுவை எழுதினேன். அவர் கையெழுத்துப் போட்டார்.

ஆய்வுக்கு வருவதாகத் தகவல் வந்ததும், போக்கிய விஷயம் என்னாகும் என்று மாடியில் கூடிப் பேசினோம். யோசனை பாயுடையது.

"அரே, இதுல என்ன அக்கா இருக்கு? அன்னிக்கு ஒரு நாள் நாங்க மேல, நீங்க கீழ. நீங்க உங்க வூட்டுலயே குந்திக்கினு இருக்கப் போறீங்க. இதுல பொய் எங்க வருது?"

பொய்த் தகவலுக்கு என்ன தண்டனை என்று எனக்குத் தெரியும். அதை அங்கே சொல்லவும் செய்தேன். பிறகு பொருள்களைச் சுமக்கக் கை கொடுத்தேன். இயேசு படமும் கல்யாண போட்டோவும் கீழே இறங்கின. பாய் வீட்டுத் துணிமணிகளும் பாத்திரங்களும் மேலே ஏறின. இரும்புப் படிக்கட்டு குறுகல். ஃப்ரிட்ஜும் டிவியும் சோபாவும் ஏறவில்லை. அவை கீழேயே இருந்தன.

ஆய்வாளர் சின்ன வயதுக்காரர், மரியாதையானவர். கன்னடத்திலும் தமிழிலும் மாறி மாறிப் பேசினார். போக்கியத்தைப் பற்றி ஒரு கேள்வியும் கேட்கவில்லை. அந்த அம்மாள் ஃப்ரிட்ஜைத் திறந்து குளிர்ந்த எலுமிச்சைச் சாறு கொடுத்தார். அவர் சோபாவில் சாய்ந்து குடித்தார். மெரூன் ரெக்சின், பித்தளை ஆணிகள். கார் சீட்டுக்கு வெட்டி மிஞ்சிய துண்டுகளை வைத்துப் பாய் தானே தைத்தது.

"ரொம்ப சென்னாகிதே. எங்க வாங்கினது?"

எதிர்வீட்டுக்காரர் என்னைப் பார்த்தார். அவருக்குப் பொய் வராது. அவர் மனைவி முந்திக்கொண்டார். "அடுகோடில சொல்லிச் செய்ய வெச்சது சார்."

ஆய்வாளர் போனதும் பாய் மாடியிலிருந்து இறங்கிவந்து கேட்டார். "என் சோபாவ நல்லா இருக்குன்னு சொன்னாரா?" எல்லாரும் சிரித்தோம். அந்த வீட்டில் நாங்கள் சேர்ந்து சிரித்தது அதுதான் கடைசி.

அறிக்கையின் நகலை வாங்கிப் படித்தேன். வாடகை, போக்கியம் இல்லை என்ற குடியிருப்பு நிபந்தனை நிறைவேறியுள்ளது. குளிர்பதனப் பெட்டி, வண்ணத் தொலைக்காட்சி, விலையுயர்ந்த இருக்கைகள் உள்ளன. மனுதாரர் வசதியற்றவர் அல்லர்.

மேல்முறையீட்டுக்கு இடம் இருந்தது. எழுத உட்கார்ந்தேன். அந்தப் பொருள்கள் அவருடையவை அல்ல என்று எழுதினால், யாருடையவை என்று கேட்பார்கள். போக்கியக்காரருடையவை என்றால் முதல் நிபந்தனையே விழுந்துவிடும். ஏழை என்று நிரூபித்தால் அவர் கீழ்வீட்டில் குடியிருக்கவில்லை. குடியிருக்கிறார் என்றால் ஏழை இல்லை. பலமுறை அடித்துத் திருத்தி, கடைசியில் பொருள்களைப் பற்றிப் பேசாமல், மறு ஆய்வு வேண்டும், அதுவரை ஏலத்தை நிறுத்தவேண்டும் என்று மட்டும் எழுதிப் பதிவுத் தபாலில் அனுப்பினேன். ஒப்புகை அட்டை திரும்பி வந்தது. பதில் வரவில்லை.

ஏலம் நடந்த அன்று காலை கழக அலுவலகத்துக்குப் போய் அட்டையைக் காட்டினேன். மேலாளர் அதை இருபுறமும் திருப்பிப் பார்த்தார்.

"உங்க மேல்முறையீடு அரசாங்கத்துக்குப் போயிருக்கு சார். ஏலம் எங்களோடது. நிறுத்தச் சொல்லி எங்களுக்கு எதுவும் வரலையே."

அவர் சொன்னது நடைமுறைப்படி சரி. அவர் இடத்தில் நான் இருந்திருந்தாலும் அதையேதான் சொல்லியிருப்பேன்.

வாங்கியவர் முதலில் பாயைக் காலி செய்யச் சொன்னார். பணம் கொடுத்த ஒப்பந்தம் பதிவு செய்யப்படவில்லை. கேட்க அவருக்கு எந்த வழியும் இல்லை. டெம்போவில் சாமான் ஏறும்போது எதிர்வீட்டுக்காரர் சோபாவின் ஒரு முனையைப் பிடித்துத் தூக்கிவிட்டார். பாய் அவர் முகத்தைப் பார்க்கவில்லை. "உடுங்க, நான் பாத்துக்கறேன்" என்று மட்டும் சொன்னார்.

அடுத்த வாரம் கணவனும் மனைவியும் ஹெப்பகோடிக்குப் போனார்கள், ஒரு கம்பெனியின் வாட்ச்மேன் அறைக்கு. வீட்டின் புது உரிமையாளர் மாடி ஷீட்டைப் பிரித்துப் போட்டார். மனுவில் தொடர்பு முகவரியாக என் வீட்டைக் கொடுத்திருந்ததால் நான் தபால்காரரைக் கேட்டுக்கொண்டே இருந்தேன்.

பதில் வந்தது. மேல்முறையீடு கவனமாகப் பரிசீலிக்கப்பட்டதாகவும், குறிப்பிட்ட வீடு தற்போது மனுதாரர் பெயரில் இல்லாததால் மேல்நடவடிக்கை தேவையில்லை எனக் கோப்பு முடிக்கப்பட்டதாகவும் எழுதியிருந்தது. கடிதத்தில் இருந்த தேதி மார்ச் 31, கணக்காண்டு முடியும் நாள். என் கைக்குக் கிடைத்தது 2003 ஏப்ரல் 4.