மிளகாய் அரைத்த கையும் வெள்ளிக்கிழமை மாத்திரையும்

என் அக்கா பேச்சியம்மாள் வாய் திறக்க முடியாமல் செத்தாள். உதடு முழுக்கப் புண். நாக்கெல்லாம் புண். ஒரு சொட்டுத் தண்ணீர் உள்ளே இறங்கவில்லை. அவளைக் கொன்றது ஒரு மனுஷன் சொன்ன ரெண்டு வார்த்தை. அவனுக்கு என்ன நடக்க வேண்டும் என்று நான் காளியாத்தாவிடம் கேட்டேன், ஆத்தா எனக்கு என்ன கொடுத்தாள் என்பதை, அவளைக் கும்பிடுகிற உங்கள் முன்னால் வைக்கிறேன். எனக்கு அழகாக எழுத வராது. ஆறாவதோடு நின்றவள். பேச வரும், அதனால் பேசுகிற மாதிரியே எழுதுகிறேன்.

எங்களுக்கு அனுமந்தன்பட்டி. அக்காவும் நானும் விடியற்காலையில் ஜீப்பில் ஏறி, மலை மேல் கேரளத்து எஸ்டேட்டுக்கு ஏலக்காய் எடுக்கப் போவோம். மலையாளத்தை நான் அங்கேதான் பொறுக்கினேன். யார் என்ன சொன்னாலும், அதை எப்படிச் சொன்னார்கள் என்று மனசில் முடிந்து வைத்துக்கொள்வது என் பழக்கம். அக்காவுக்கு அதெல்லாம் கிடையாது. குனிந்தால் கூடை நிறையத்தான் நிமிர்வாள்.

மூணு வருஷத்துக்கு முன்னால் அவளுக்கு விரல் கணுவெல்லாம் வீங்கிக்கொண்டது. குமுளி தாண்டி ஒரு ஆஸ்பத்திரியில் வாதத்துக்கு நல்லா பார்க்கிறார்கள் என்றார்கள். எங்களை ஏற்றிப் போகிற ஜீப்புக்காரன்தான் ஊர்க்காரர்களை அங்கே அழைத்துப் போவான், டாக்டரிடம் பேசுவான். அவன் பெயரை எழுத ஆத்தா உத்தரவு கொடுக்கவில்லை. ஜீப்புக்காரன் என்றே இருக்கட்டும்.

"நீயும் வாடி, எனக்கு அவுக பேசுறது வெளங்காது" என்று அக்கா கூப்பிட்டாள். காய் எடுப்பு மும்முரமாக இருந்த நேரம். அவன்தான் கூட வருகிறானே, போய்விட்டு வா என்று அனுப்பி வைத்தேன். அதை இன்றைக்கு வரைக்கும் என்னால் விழுங்க முடியவில்லை.

நடந்தது அக்கா வந்து சொன்னதுதான். அவன் டாக்டர் அறைக்குள்ளேயே போகவில்லை. டீக்கடையில் நின்றிருக்கிறான். மருந்து வாங்குகிற இடத்தில் மட்டும் வந்து, அங்கிருந்த பெண் மலையாளத்தில் சொன்னதற்கெல்லாம் தலையை ஆட்டிவிட்டு, ஒரு சின்ன மஞ்சள் மாத்திரை அட்டையை அக்கா கையில் கொடுத்து, "தெனம் ஒண்ணுக்கா" என்றிருக்கிறான். அது வாரத்துக்கு ஒன்று போட வேண்டிய மாத்திரை. அக்கா சொன்ன சொல் தட்டாதவள். தினமும் ஒன்று, வேளை தவறாமல் போட்டாள்.

பத்துப் பன்னிரண்டு நாளில் வாய் வெந்தது. காய்ச்சல். ஈறில் ரத்தம். தேனிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம். அங்கிருந்த டாக்டர் காலி அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "யாரும்மா தினமும் போடச் சொன்னது?" என்றார். சீட்டில் இங்கிலீஷில் வாரம் ஒரு முறை என்றுதான் எழுதியிருந்ததாம். எங்கள் வீட்டில் அதைப் படிக்க யார் இருந்தார்கள்?

ஒரு வெள்ளிக்கிழமை காலையில் அக்கா போய்விட்டாள்.

அவன் மாலையோடு வந்தான். போட்டுவிட்டுச் சும்மா போயிருக்கலாம். எங்கள் வாசலில் நின்று நாலு பேர் கேட்கச் சொன்னான்: "வாரம் ஒண்ணுன்னு நான் படிச்சுப் படிச்சுச் சொன்னேன். எழுதப் படிக்கத் தெரியாத மனுசி, மாத்தித் தின்னுருச்சு. நாம என்னத்த செய்ய?"

செத்தவள் எழுந்து வந்து பதில் சொல்வாளா? ஊரும் அவனைத்தான் நம்பியது. பேச்சியம்மாள் தன் சாவைத் தானே தின்றாள் என்று பேசிக்கொண்டார்கள். உயிரையும் எடுத்து, பழியையும் அவள் தலையிலேயே வைத்துவிட்டுப் போனான்.

எங்கள் பக்கத்துக் காளி கோயிலில் ஒரு அம்மி கிடக்கிறது. நியாயம் கிடைக்காதவர்கள் அதில் காய்ந்த மிளகாயை அரைத்து ஆத்தா மேனியில் பூசுவார்கள். அந்த எரிச்சல் தாங்காமல் அவள் எழுந்து போய்க் கேட்பாள் என்பது நம்பிக்கை. கேட்டு முடித்ததும் நாம் போய் எண்ணெய்க் காப்பு சாத்தி அவளைக் குளிர வைக்க வேண்டும். பதினாறு முடிந்த மறுநாள் போனேன். இரண்டு கை மிளகாய் வைத்து அரைத்தேன். விரல் இடுக்கெல்லாம் தீப்பிடித்தது. ஆத்தா மேல் அப்பிவிட்டுச் சொன்னேன்: "எங்க அக்கா நாக்கு வெந்து செத்தா. அவன் நாக்கு விழணும். நான் பாக்கணும்." சாந்தம், சமாதானம் எதுவும் நான் கேட்கவில்லை. பூசாரி ஒரு மாதிரி பார்த்தார். பார்த்தால் பார்க்கட்டும் என்று இருந்தேன்.

ஒன்றும் நடக்கவில்லை. ஆடி போனது, தை போனது. அவன் இரண்டாவது ஜீப் வாங்கி, எங்கள் தெரு வழியாக ஹாரன் அடித்துக்கொண்டு போனான். மறுபடி போய் அரைத்தேன். மூன்றாம் தடவையும் அரைத்தேன். "தூங்குறியாத்தா" என்று ஏசிவிட்டு வந்தேன். அன்றைக்குச் சோறு பிசைய முடியாமல் கையை மோரில் வைத்துக்கொண்டு அழுதேன்.

அந்த எரிச்சலில்தான் ஒன்று தோன்றியது. அவன் ஜீப்பில் ஆஸ்பத்திரிக்கு ஏறுகிறவர்களை ஒவ்வொருவராக இறக்க வேண்டும். அடுத்த தெருவில் ஒருவர் சர்க்கரைக்குக் கிளம்பினார். "அவன் வேணாம், நான் வாரேன்" என்று கூடப் போனேன். பிறகு இன்னொருவர். ஒரு நாள் அங்கே லீலாம்மா என்கிற நர்ஸ் என்னைக் கூப்பிட்டு, தமிழ் ஆட்கள் நிறைய வருகிறார்கள், இங்கேயே இருந்துகொள் என்றார். கழுத்தில் ஒரு அட்டை மாட்டிவிட்டார்கள். அதில் டிரான்ஸ்லேட்டர் என்று இருக்கிறது. ஊர்க்காரர்கள் 'மொழி சொல்ற அக்கா' என்பார்கள்.

லீலாம்மாதான் எனக்குப் பள்ளிக்கூடம். பயாப்ஸி என்றால் சதையில் துணுக்கு எடுத்துப் பார்ப்பது. கிரியாட்டினின் என்றால் சிறுநீரகம் வேலை செய்கிறதா என்று ரத்தத்தில் பார்ப்பது. நோட்டில் எழுதி எழுதிப் படித்தேன். நம் ஆட்களிடம் 'வெறும் வயிற்றில் வாருங்கள்' என்று மட்டும் சொன்னால் போதாது என்பது நானே கண்டுபிடித்தது. டீ குடித்துவிட்டு வந்து, "டீ ஒரு சாப்பாடாக்கும்?" என்பார்கள். அதனால், "பச்சத் தண்ணியத் தவிர ஒண்ணும் கூடாது" என்று சொல்வேன். அவர்கள் சொல்கிறதை டாக்டரிடம் கொண்டு போவதுதான் எனக்குப் பிடித்த வேலை. ஒரு பெரியவர், "முட்டிக்குள்ள ஜீப்பு கியர் மாத்துது" என்றார். கடமலைக்குண்டுக்காரி ஒருத்தி, "நெஞ்சுக்குள்ள யாரோ மொறம் பொடைக்கிறாக" என்றாள். ஒரு எழுத்துக் குறைக்காமல் சொல்லுவேன். டாக்டர்மார் சிரித்தாலும் எழுதிக்கொள்வார்கள்.

இரண்டு சட்டம் எனக்கு நானே போட்டுக்கொண்டேன். ஒன்று, "வெளங்குச்சா?" என்று கேட்கவே மாட்டேன். நம் ஊரில் கேட்ட மரியாதைக்காகவே எல்லாரும் தலையை ஆட்டுவார்கள். மாத்திரையை அவர்கள் கையில் கொடுத்து, எப்போது போடுவீர்கள் என்று அவர்கள் வாயால் சொல்ல வைப்பேன். இரண்டாவது, அந்த அறைக்குள் யார் என்ன பேசினாலும், முணுமுணுத்தாலும், திட்டினாலும், அடுத்த மொழியில் அதைச் சொல்லிவிடுவேன். எதையும் என் வாய்க்குள் மறைக்க மாட்டேன்.

போன கார்த்திகையில் தோல் டாக்டரம்மா அறையிலிருந்து கூப்பிட்டார்கள். போனேன். உள்ளே ஜீப்புக்காரனும் அவன் பெண்டாட்டியும்.

அரைமணி நேரமாகத் தனக்கே மலையாளம் தெரியும் என்று அவனே பேசியிருக்கிறான். டாக்டரம்மா சொன்னதற்கெல்லாம் "மனசிலாயி, மனசிலாயி" என்று, எல்லாம் புரிந்துவிட்ட மாதிரித் தலையை ஆட்டியிருக்கிறான். திருப்பிச் சொல்லுங்கள் என்றதும் விழித்திருக்கிறான். அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது. எஸ்டேட் கணக்குப்பிள்ளையிடம் பேசுகிற அளவுக்குத்தான் அவனுக்கு அந்தப் பாஷை தெரியும். அதை வைத்துக்கொண்டுதான் எங்கள் உயிரையெல்லாம் ஏற்றி இறக்கியிருக்கிறான்.

என்னைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பினான். வேறு வழியில்லை. இரண்டு உள்ளங்கையையும் விரித்துக் காட்டினான். தோல் வெடித்து, செதில் செதிலாக உரிந்து, சிவந்து கிடந்தது. ஸ்டியரிங் பிடிக்க முடியவில்லையாம்.

"டாக்டர்ட்டச் சொல்லு தங்கச்சி" என்றான். "மொளகா அரைச்ச கை மாதிரி எரியுது."

ஆத்தா தூங்கவில்லை. மூன்று தடவை நான் அரைத்ததை எடுத்து அவன் கையில் வைத்துவிட்டாள். அவன் சொன்னதை ஒரு எழுத்துக் குறைக்காமல் டாக்டரம்மாவிடம் சொன்னேன். சொல்லும்போது இனித்தது. மறைக்கவில்லை.

ரத்தம் ஏற்கெனவே பார்த்துவிட்டார்கள். டாக்டரம்மா மருந்து எழுதி, அட்டையை எடுத்து மேஜையில் வைத்தார். அதே சின்ன மஞ்சள் மாத்திரை. அவனுக்கு அது அடையாளம்கூடத் தெரியவில்லை.

"வாரத்தில் ஒரு நாள் மட்டும் என்று அழுத்திச் சொல்" என்றார் டாக்டரம்மா மலையாளத்தில்.

'தெனம் ஒண்ணு.' அந்த இரண்டு வார்த்தையும் என் நாக்கு நுனியில் வந்து உட்கார்ந்தது. அவன் எங்களுக்குக் கொடுத்ததே அதுதான். டாக்டரம்மா கம்ப்யூட்டர் பக்கம் திரும்பியிருந்தார். "ஆத்தா, இதுக்குத்தான் கொண்டாந்தியா? நீயே சொல்லு" என்று உள்ளுக்குள் வேண்டினேன். அவ்வளவுதான் என் பிரார்த்தனை.

அப்போது அவன் பெண்டாட்டி, நான் சொல்லப்போவதை மறக்காமல் இருக்க, கட்டைவிரலை எடுத்து ஆள்காட்டி விரல் கணுவில் வைத்துக்கொண்டு என் வாயையே பார்த்தாள். எழுத்துத் தெரியாதவர்கள் அப்படித்தான் மனசில் ஏற்றுவார்கள். அக்காவும் அப்படித்தான் எண்ணுவாள். வீங்கின கணுவில்.

வாய் தானாகத் திறந்தது. "வாரத்துக்கு ஒரே ஒரு நாளு. தெனம் போட்டா உசுரு போயிரும்."

எந்தக் கிழமை வசதி என்று டாக்டரம்மா கேட்கச் சொன்னார். "ஏதாச்சும் ஒண்ணச் சொல்லு" என்றான் அவன்.

"வெள்ளிக்கிழம."

திருப்பிச் சொன்னான். மறுபடி சொல்ல வைத்தேன். மூன்றாவது தடவை சொன்ன பிறகு கேட்டேன்: "ஏன் வெள்ளிக்கிழமன்னு தெரியுமாண்ணே? எங்க அக்கா செத்த கெழம. இதே மாத்திரதான் அவளும் தின்னது. தெனம் ஒண்ணு."

அவன் அட்டையைப் பார்த்தான். வாய் திறந்தது, சத்தம் வரவில்லை. நான் பார்க்கணும் என்று கேட்டேன் அல்லவா? பார்த்தேன்.

"என்ன சொன்னாய் அவரிடம்?" என்று டாக்டரம்மா கேட்டார். சட்டம் சட்டம்தானே. சொன்னதை அப்படியே மலையாளத்தில் சொன்னேன். அவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டார்.

"என்ன சொல்லுதாக? நீங்கதான் அந்தக்காட்ட அப்படிச் சொன்னீகளா?" என்று பெண்டாட்டி அவனை உலுக்கினாள்.

"நாந்தான் சொன்னேன்" என்றான். "மருந்து குடுத்த பொண்ணு சொன்னது எனக்கு வெளங்கல. கேக்க வெக்கமா இருந்துச்சு. அந்தக்கா மேல பழியப் போட்டதும் நாந்தான்."

அதையும் டாக்டரம்மாவுக்குச் சொன்னேன். அவன் ஒத்துக்கொண்டதை மலையாளத்தில் சொன்னது என் வாய். என் அக்கா நிரபராதி என்பதை ஒரு அறைக்குள்ளே இரண்டு மொழியில் சொல்ல வைத்தாள் ஆத்தா.

அவனை நான் சும்மா விடவில்லை. "வெள்ளிக்கெழம மாத்தரயப் போட்டுட்டு எனக்குப் போன் பண்ணனும். எங்க அக்கா பேரச் சொல்லி, அவ தப்பு ஒண்ணுமில்லன்னு சொல்லிட்டு வைக்கணும். உங்க வீட்டம்மா கேக்கணும்" என்றேன். அவன் பெண்டாட்டி, "பண்ணுவாரு. நான் பண்ண வைக்கேன்" என்றாள்.

கை இப்போது தேறி வருகிறது. ஆட்களை ஆஸ்பத்திரிக்கு ஏற்றுவதை அவன் விட்டுவிட்டான். ஊருக்கு எப்படியோ விஷயம் தெரிந்துவிட்டது. அக்காதான் மாத்தித் தின்றாள் என்று இப்போது யாரும் பேசுவதில்லை.

தை வெள்ளியில் போய் ஆத்தாவுக்கு எண்ணெய்க் காப்பு சாத்தினேன். இளநீர் ஊற்றிக் குளிர வைத்தேன். பூசாரி, "அவனை மன்னிச்சிட்டியா?" என்று கேட்டார். இல்லை என்றேன். குளிர வேண்டியது ஆத்தா. நான் இன்னும் குளிரவில்லை. ஆனால் அந்தச் சூட்டை நான் வேலைக்குக் கொண்டுபோகிறேன். எவர் கையிலும் மாத்திரையைக் கொடுத்துத் திருப்பிச் சொல்ல வைக்காமல் விடுவதில்லை.

உங்களில் யாருக்காவது கேட்க ஆளில்லாத கோபம் இருந்தால், அதைக் கழுவித் துடைத்துக்கொண்டு அவள் முன்னால் போகாதீர்கள். அப்படியே கொண்டுபோங்கள். ஏசினாலும் கேட்டுக்கொள்வாள். என்ன செய்ய வேண்டும் என்று நீங்கள் சொல்லுங்கள், எப்படிச் செய்ய வேண்டும் என்பதை அவளிடம் விட்டுவிடுங்கள். நான் அவன் நாக்கைக் கேட்டேன். அவள் அதை விழ வைக்காமல், என் அக்கா பேரைச் சொல்ல வைத்திருக்கிறாள்.

இந்த வெள்ளிக்கிழமையும் போன் வந்தது. எடுத்தேன்.

"பேச்சியம்மா அக்கா மேல தப்பு ஒண்ணுமில்ல. மாத்திர போட்டுட்டேன்" என்றான்.

"அடுத்த வாரம் கூப்பிடுங்க" என்று சொல்லி வைத்தேன்.