ஷிப்ட் மாறும்போது யார் துடைப்பது

மகளுக்கு ஐந்து மாதம் ஆனபோது எங்கள் வீட்டில் மூன்று வகை டயப்பர் இருந்தது. இடுப்பில் ஒட்டுகிற ஸ்டிக்கர் மாடல், ஜட்டி போல மாட்டுகிற பேன்ட் மாடல், பன்னிரண்டு மணி நேரம் ஈரமே தெரியாது என்று உறையில் போட்டிருந்த இன்னொன்று. மூன்றை மாற்றிப் பார்த்தும் அவள் தொடையிடுக்கில் வந்த புண் ஆறவில்லை.

எனக்கு வேலை ஒரகடத்தில், வண்டிகளுக்கு ஒயர் கட்டுகிற கம்பெனியில். ஒயர் முனைகளைத் தடவிப் பார்த்து எது சரியில்லை என்று சொல்வதற்குத்தான் சம்பளம். அந்தப் புத்தியோடு படப்பையில் கடைக்கடையாக நின்றேன். பாக்கெட் ஓரத்தைக் கிள்ளிப் பார்த்தேன், எத்தனை கிலோ பிள்ளைக்கு எந்த அளவு என்று படித்தேன். எலாஸ்டிக் அழுத்துகிறதோ என்று ஒரு அளவு பெரிதாக வாங்கினேன். அது கால் வழியாக ஒழுகியது. துடைக்கிற வாசனை வைப்ஸ்தான் ஆகவில்லை என்று நிறுத்திவிட்டு, பஞ்சும் வெந்நீரும் வைத்துக்கொண்டேன். கிரீம் இரண்டு வகை. கடைக்காரர் பொறுமை இழந்து, "எல்லாம் ஒன்னுதாம்மா, ஏதாச்சும் ஒன்ன எடுத்துகினு போ" என்றார். எல்லாம் ஒன்றுதான் என்றால் அலமாரி முழுக்க எதற்கு அடுக்கி வைத்திருக்கிறார்? கேட்கத் தெம்பில்லை. பஸ் ஏறினால் நின்றபடியே தூங்கிவிடுகிற நிலையில் இருந்தேன்.

நானும் என் கணவரும் சிவகங்கைப் பக்கம். இங்கே சொந்தம் என்று யாரும் கிடையாது. என்னுடையது காண்டிராக்ட் வேலை, இன்னும் லீவு கேட்டால் வேலையே இருக்காது. அதனால் அவர் தன் கம்பெனியில், தகடு அடிக்கிற பிரஸ் ஷாப்பில், நைட் ஷிப்டைக் கேட்டு வாங்கிக்கொண்டார். காலை ஏழு மணிக்கு அவர் உள்ளே வருவார், ஏழேகாலுக்கு நான் வெளியே போவேன். சாயங்காலம் ஆறரைக்கு நான் வருவேன், பிள்ளையை என் கையில் கொடுத்துவிட்டு அவர் ஒரு மணி நேரம் படுப்பார், எட்டரைக்குக் கிளம்புவார். எங்களுக்குள் நடந்த பேச்செல்லாம் அந்தக் கைமாற்றலில் நடந்ததுதான். "பால் குடிச்சாளா?" "குடிச்சா." அவ்வளவுதான் குடும்பம்.

புண்ணைப் பற்றி அம்மாவிடம் போனில் உளறியது என் தப்பு. "பிள்ளைய இங்கிட்டுக் கொண்டாந்து விடு. நீங்க ரெண்டு பேரும் மெசினு மாதிரி அலைஞ்சா அது என்னத்துக்கு ஆகும்? ஞாயித்துக்கெழம நானே வந்து தூக்கிட்டு வாரேன்" என்றாள். இவரும், "கொஞ்ச மாசந்தானே புள்ள, அனுப்பிருவோம்" என்றார். என் லைனில் பக்கத்தில் நிற்கிற பெண்ணின் மகன் ஊரில்தான் வளர்கிறான். பொங்கலுக்குப் போனபோது அவளை 'அக்கா' என்று கூப்பிட்டானாம். அதை அவள் சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். அன்று முழுக்க என்னால் வேலையில் கண் வைக்க முடியவில்லை.

ஞாயிற்றுக்கிழமைக்குள் புண் ஆறினால் பிள்ளை இங்கே, ஆறாவிட்டால் ஊரில். என் கணக்கு அவ்வளவுதான்.

புதன்கிழமை சாயங்காலம் பஸ்ஸை விட்டு இறங்கி வந்தபோது, வீட்டுக்கார அக்கா வாசலில் துடைப்பத்தோடு நின்றிருந்தாள். நாங்கள் கட்டிப்போட்ட குப்பைப் பையை நாய் கிழித்திருந்தது.

"இன்னாமா இது? நாயி வாசல் பூரா இஸ்துப் போட்டுட்டு கீது" என்று ஆரம்பித்தவள், துடைப்பத்தால் ஒன்றைத் தள்ளிக் காட்டினாள். "இத்தப் பாரு. ஒரு பொட்டு ஈரம் இல்ல, புச்சா கீது. கட்டி ஒடனே அவுத்துப் போட்டியா?"

குனிந்து பார்த்தேன். காலையில் நான் கிளம்பும்போது கட்டிய பேன்ட் மாடல். நனையவே இல்லை.

உள்ளே போய்ப் பிள்ளையை வாங்கியதும் அவரிடம் கேட்டேன். "காலைல நான் மாத்திட்டுத்தான போனேன்? எதுக்குத் திரும்ப மாத்துனீங்க?"

"நான் பொறுப்பெடுக்கேன்ல. எடுக்கிறவந்தான கிளீன் பண்ணித் தொடங்கணும்?" என்றார், ஏதோ நான் புத்தி கெட்டுக் கேட்டது போல.

அவர் பிரஸ் ஷாப்பில் அப்படி. உள்ளே வருகிற ஷிப்ட்தான் மெஷினைத் துடைத்து, பார்த்து, ஓட்டத் தொடங்கும். எங்கள் கம்பெனியில் நேர் எதிர். வெளியே போகிறவள் தன் மேசையைத் துடைத்து ஒப்படைக்காமல் நகர முடியாது. காலையில் நான் போகிறவள், மாற்றினேன். அவர் வருகிறவர், மறுபடி மாற்றினார். சாயங்காலம் அவர் போகிறவர், நான் துடைப்பேன் என்று அப்படியே கொடுத்தார். நான் வருகிறவள், அவர் துடைத்துத்தான் கொடுத்திருப்பார் என்று வாங்கினேன்.

"கடைசியா எப்ப மாத்துனீங்க?"

"மத்தியானம். பன்னெண்டு, பன்னெண்டரை இருக்கும். அப்பறம் ரெண்டு பேரும் தூங்கிட்டோம்."

நான் சமைத்து, அவரை அனுப்பிவிட்டுத்தான் கழற்றுவேன். பகல் பன்னிரண்டிலிருந்து ராத்திரி எட்டரை வரை. மலம் என்றால் நாற்றம் காட்டிக் கொடுத்துவிடும். வெறும் மூத்திரத்தை அந்த உயர்ந்த டயப்பர் வெளியே காட்டவே இல்லை. தினமும். ஒரு மாதமாக. எனக்கு வந்த ஆத்திரத்தில் மூன்று பாக்கெட்டையும் தூக்கி அவர் மேல் எறிந்தேன். அவர் தடுக்கக்கூட இல்லை. "யாராச்சும் ஒரு வார்த்த கேட்டிருக்கலாம்ல" என்றார். யாராச்சும் என்றால் யார்? இருந்ததே இரண்டு பேர். பிறகு எனக்குச் சிரிப்பு வந்தது, சிரித்து முடிப்பதற்குள் அழுகையாகிவிட்டது.

அன்றிலிருந்து ஒரே விதி. யார் என்ன சொன்னாலும் நம்பக் கூடாது, பிள்ளை கைக்கு வந்ததும் திறந்து பார்க்க வேண்டும். வீட்டில் இருக்கிற நேரமெல்லாம் அவளை ரப்பர் ஷீட்டில் வெறும் உடம்போடு காற்றாடப் போட்டோம்.

சனிக்கிழமை சாயங்காலம் அம்மா போன் செய்தாள். ராத்திரி பஸ்ஸுக்குப் பை கட்டி வைத்துவிட்டாளாம்.

"வராதம்மா, ஆறிருச்சு" என்றேன்.

"பொய் சொல்லாத."

"இல்லம்மா, நெசமாத்தான்."

"பிள்ள மேல சத்தியம் பண்ணு, பாப்போம்."

எங்கள் ஊரில் பிள்ளை மேல் பொய்ச் சத்தியம் பண்ண யாருக்கும் நாக்கு வராது. அம்மாவுக்கும் அது தெரியும். அப்போது நான் மகளுக்குக் கிரீம் தடவிக்கொண்டிருந்தேன். பாதிதான் ஆறியிருந்தது. மீதி விரலுக்கடியில் இன்னும் சிவப்பாக, சூடாக இருந்தது.

"பிள்ள மேல சத்தியமா ஆறிருச்சும்மா" என்றேன்.

அம்மா சரியென்று போனை வைத்தாள். கண்ணை மூடிப் படுத்திருந்தவர் எல்லாவற்றையும் கேட்டிருக்கிறார். "ரெண்டு நாள்ல ஆறிரும் புள்ள" என்று எழுந்து உட்கார்ந்தார். அதற்குள் அவள் ஷீட்டை நனைத்துவிட்டாள். யார் துடைப்பது என்று கேட்காமல் இரண்டு பேரும் துணியை எடுத்தோம்.