கனகாவின் பழைய போனும் என் இருநூறு மெகாபிக்சலும்

புதுப் போன் வாங்கியவனோடு ஒரு வாரத்துக்குப் பேச்சு வைத்துக்கொள்ளக் கூடாது. நான் வாங்கியபோது என்னோடு நான்கு மாதம் யாரும் பேசியிருக்கக் கூடாது. அவ்வளவு பீற்றல். இருநூறு மெகாபிக்சல், இரண்டு நாள் தாங்கும் சார்ஜ், உச்சி வெயிலிலும் பளிச்சென்று தெரியும் திரை என்று, கடைக்கு விசிட்டிங் கார்டு அடிக்க வந்தவர்களைக்கூட உட்காரவைத்துச் சொல்லிக்கொண்டிருந்தேன். எல்லோரும் தலையாட்டினார்கள். கனகா மட்டும் ஆட்டவில்லை.

ஆனையூரில் ஃப்ளெக்ஸ் அச்சடிக்கிற கடை என்னுடையது. எங்கள் ஊரில் காதுகுத்தோ கல்யாணமோ, பந்தல் போடுவதற்கு முன்னால் ஃப்ளெக்ஸ் எழும்பிவிடும். அதில் மாமன், மச்சான், பங்காளி என்று முப்பது நாற்பது தலைகள் இருக்கும். அந்தத் தலைகளைச் சேகரித்துக்கொண்டு வருவதுதான் கனகாவின் வேலை. விசேஷ வீட்டுக்காரர் கொடுக்கும் பட்டியலோடு ஸ்கூட்டியில் வீடு வீடாகப் போவாள். ஒவ்வொருவரையும் வெளிச்சம் பார்த்து நிறுத்தித் தன் போனில் எடுப்பாள். பிறகு என் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து, ஸ்டீல் ஸ்கேலைத் திரைமேலேயே வைத்து, உச்சியிலிருந்து தாடை வரை அளப்பாள். முன்வரிசைத் தலைகள் எல்லாம் ஒரே அளவில் வரவேண்டும். ஒரு நூல் கூடக் குறைய இருந்தாலும் விடமாட்டாள். "தலைன்னா என்ன கிள்ளுக்கீரையாண்ணே?" என்று என்னைத்தான் கேட்பாள். இந்தக் கண்டிப்பு அவளுக்குச் சும்மா வந்துவிடவில்லை.

ஆறு வருஷத்துக்கு முன்னால் அவள் ஆனையூரில் வீடு கட்டிப் பால் காய்ச்சினாள். அப்போது அவளுக்கும் போட்டோவுக்கும் சம்பந்தமே கிடையாது. ஃப்ளெக்ஸ் நான்தான் அடித்தேன். அவள் தம்பி அழகுமலையின் படம் என்று எனக்கு வந்தது, வாட்ஸ்அப்பில் பத்துக் கை மாறிய ஒன்று. பெரிதாக்கினால் கட்டம் கட்டமாக உடைந்தது. சரி போகட்டும் என்று சின்னதாகவே வைத்துவிட்டேன். பக்கத்திலேயே கனகாவின் கொழுந்தன் சின்னச்சாமி. அவருடையது ஸ்டுடியோ படம், பூசணிக்காய் அளவுக்குத் தலை. வாசலில் நின்று இரண்டையும் மாறி மாறிப் பார்த்த அழகுமலை, சாப்பாட்டில் கை நனைக்காமலே வண்டியை எடுத்தான்.

"உன் வீட்டுல என் தலைக்கு இம்புட்டுத்தான் எடம்னா, இனிமே இந்தத் தலையை நீ இங்க பாக்க மாட்டக்கா" என்று சொல்லிவிட்டுப் போனான். அதோடு பேச்சு நின்றது. யார் செய்த தப்பு என்று கேட்டால் என் தப்பு. ஆனால் அவன் முறுக்கிக்கொண்டது அக்காவிடம். என்னை எங்கே கண்டாலும் வணக்கம் வைக்கிறான். இதில் என்ன நியாயமோ!

அந்தச் சண்டைக்குப் பிறகுதான் கனகா இந்த வேலைக்கே வந்தாள். இன்னொரு குடும்பம் இப்படிப் பிரிந்துபோகக் கூடாது என்று அவள் என்றைக்கும் பெரிய வார்த்தையெல்லாம் பேசியதில்லை. ஒரு நாள் கடைக்கு வந்து, "இனிமே தலையை நான் எடுத்துட்டு வாரேண்ணே, நீங்க அச்சடிக்கிறதோட நில்லுங்க" என்றாள். கையில் ஒரு பழைய போன். கே.கே. நகர் டாக்டர் ஒருவர் வைத்திருந்து, அடுத்த மாடல் வந்ததும் கை மாற்றிவிட்டது. வெளிவந்த வருஷத்தில் அந்தக் கம்பெனியின் ஆக உயர்ந்த மாடல். இன்றைக்கு அதன் நிலைமையைச் சொன்னால் சிரிப்பீர்கள். பின்கண்ணாடி விரிசலுக்கு செல்லோடேப். மத்தியானத்துக்குள் சார்ஜ் இறங்கிவிடும் என்பதால் முதுகில் ரப்பர் பேண்டு போட்டுக் கட்டிய பவர் பேங்க். அப்டேட் வருவது எப்போதோ நின்றுவிட்டது. வெயிலில் திரை மங்கி, சூடு ஏறினால் தானாக அணைந்துவிடும். ஆனால் அதில் தூரத்து ஆளை எடுக்கத் தனியாக ஒரு லென்ஸ் உண்டு. "அசல் லென்ஸ்ணே, கணக்குப் போட்டு வரையுறது இல்லை" என்பாள். அதைச் சொல்லும்போதெல்லாம் என் போனை ஒரு பார்வை பார்ப்பாள். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

கல்யாணமாகிப் பல வருஷம் கழித்து அவளுக்கு ஒரு பையன் பிறந்தான். அழகுபாண்டி. மூன்று வயதாகியும் மொட்டை அடிக்கவில்லை, காது குத்தவில்லை. பிள்ளை தாய்மாமன் மடியில் உட்கார்ந்துதான் காது குத்திக்கொள்ளவேண்டும். முதல் வயதில் தம்பி வருவான் வருவான் என்று பார்த்தாள், வரவில்லை. ஒற்றைப்படை வயதில்தான் செய்வது வழக்கம் என்பதால் இந்த வருஷம் விட்டால் ஐந்தாவதில்தான். பையன் முடி பின்னிப் பூ வைத்துவிடும் அளவுக்கு வளர்ந்துவிட்டது. கனகாவின் பெரியப்பா மகனை மாமனாக உட்காரவைக்கலாம் என்று வீட்டில் சொல்லிப் பார்த்தார்கள். "என் தம்பி உசுரோட இருக்கையில எதுக்கு வாடகை மாமன்?" என்று கேட்டு வாயை அடைத்துவிட்டாள். தட்டை எடுத்துக்கொண்டு போய் அழைக்கவேண்டியதுதானே என்று கேட்டேன். வெற்றிலை பாக்குத் தட்டை அவன் வாங்க மறுத்துவிட்டால் உறவு அதோடு முறிந்துபோகும், அந்தப் பயம் அவளுக்கு.

அதனால் அவளாகவே ஒரு வழி யோசித்தாள். முதலில் ஃப்ளெக்ஸ். அழகுமலை தினமும் போகும் வழியில், அவன் தலை பெரிதாக, நடுவில் இருக்கும்படி வைத்துவிட்டால், அவனுக்கே மனசு இளகும். ஆனால் ஆறு வருஷத்தில் ஆள் மாறியிருப்பான். புதுப் படம் வேண்டும். வாட்ஸ்அப்பில் பார்த்தால் முகப்பில் கருப்பசாமி அரிவாளோடு நிற்கிறார். கேட்டு வாங்கவும் முடியாது. தூரத்திலிருந்து அவனுக்குத் தெரியாமல் எடுக்கவேண்டியதுதான்.

இதற்குத்தான் என் போன் பிறந்திருக்கிறது என்று நானும் கிளம்பினேன். உள்ளே கொஞ்சம் குற்ற உணர்ச்சியும் இருந்தது என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

அலங்காநல்லூர் ரோட்டில் அழகுமலை டிராக்டர் பட்டறை வைத்திருக்கிறான். எதிர்ப்பக்கம், நன்றாகத் தள்ளி, ஒரு பஸ் நிழற்குடை. காலை பத்து மணிக்கு அதன் பக்கச் சுவருக்குப் பின்னால் நாங்கள் இரண்டு பேரும் பதுங்கினோம். சுவரில் காற்றுக்காக விட்ட ஓட்டைகள் இருந்தன. நான் ஒன்றில் போனை வைத்து, திரையில் விரலால் இழுத்து இழுத்துப் பெரிதாக்கி, ஒரே ஒரு படம் எடுத்தேன். இருநூறு மெகாபிக்சலுக்கு ஒன்று போதும். பிறகு பெஞ்சில் உட்கார்ந்து வெள்ளரிப்பிஞ்சு தின்ன ஆரம்பித்தேன். கனகா தன் போனை இன்னொரு ஓட்டையில் பொருத்தி, தலையை வெளியே நீட்டாமல், அமுக்கினாள், அமுக்கினாள், அமுக்கிக்கொண்டே இருந்தாள். வெயிலில் அவள் திரையில் ஒன்றும் தெரியவில்லை. ஆள் உள்ளே போவதும் வருவதுமாக இருப்பது மட்டும் நிழலாகத் தெரிகிறது என்றாள். நடுவே லாரியும் பஸ்ஸும் வேறு மறைத்தன. ஒரு மணி நேரத்தில் முப்பத்து நான்கு படம். அதற்குள் இரண்டு பஸ் எங்களுக்காக நின்று, கண்டக்டர் திட்டிவிட்டுப் போனார்.

கடைக்கு வந்ததும் முதலில் என் படத்தைத் திரையில் போட்டேன். அடடா, என்ன வெளிச்சம், என்ன நிறம்! கனகா கிட்டே வந்து பார்த்தாள். பக்கத்து ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்து இன்னொரு தடவை பார்த்தாள்.

"இது யாருண்ணே?"

எனக்கும் அப்போதுதான் உறைத்தது. கரிய முகத்துக்குச் சுண்ணாம்பு அடித்ததுபோல் இருந்தது. தாடி நரை காணோம். இடது புருவத்தை இரண்டாகப் பிளக்கிற தழும்பையும் காணோம். சின்ன வயதில் கனகா அடித்த கில்லி பட்டு வந்த தழும்பு அது. அது இல்லாமல் அவன் அழகுமலையே இல்லை. தூரத்தில் தெரியாததை எல்லாம் என் போன் தானாகவே ஊகித்து, யாரோ ஒரு கல்யாண மாப்பிள்ளையை வரைந்து வைத்திருந்தது. கனகா என் போனை வாங்கி எதையோ மூன்று தடவை தட்டினாள். முகத்தை அழகாக்குகிற வசதி வாங்கிய நாளிலிருந்து ஓடிக்கொண்டிருக்கிறதாம். தூரத்துக் குழப்பத்துக்கு மருந்து இல்லை, இதையாவது நிறுத்தி வைக்கிறேன் என்றாள். அவசர வேலைக்கு நானே எடுத்து அச்சடித்த தலைகளை எல்லாம் அப்போது நினைத்துக்கொண்டேன். நான்கு மாதமாக ஆனையூரில் பாதிப் பேரை வெள்ளையடித்திருக்கிறேன். ஒருவர்கூடக் குறை சொல்லவில்லை என்பது வேறு விஷயம்.

பிறகு அவள் படங்களைப் போட்டோம். முதல் படத்தில் அழகுமலை, கிரீஸ் பனியனோடு, டிராக்டருக்குள் இரண்டு கையையும் விட்டிருந்தான். தழும்பு, நரை, காதோர வியர்வை எல்லாம் அப்படி அப்படியே இருந்தன. நான்காவது படத்தில் நிமிர்ந்து, நேராக எங்கள் நிழற்குடையைப் பார்த்துக்கொண்டிருந்தான். ஏழாவதில் ஆளைக் காணோம். ஒன்பதாவதில் முகம் கழுவித் துண்டால் துடைத்துக்கொண்டிருந்தான். பன்னிரண்டாவதில் உடம்பில் சந்தன நிறச் சட்டை, தேய்த்த மடிப்புக்கூடக் கலையவில்லை. பதினைந்தாவதில் தலை வாரி மீசையை முறுக்கியிருந்தான். பத்தொன்பதிலிருந்து முப்பத்து நான்கு வரை ஒரே மாதிரிதான். டிராக்டரின் பெரிய டயரில் ஒரு கை, முகத்தில் சரியாக வெயில் விழும்படி கொஞ்சம் திரும்பிய கழுத்து, நிமிர்ந்த தாடை, அசையாத நிலை. அந்தப் படங்கள் எல்லாவற்றிலும், எங்களைப் பார்க்காதவன் போலவே எங்கள் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தான்.

"கனகா," என்றேன், "பய போஸ் குடுத்துருக்கான்."

அவளுக்குச் சிரிப்பு வந்தது, கூடவே அழுகையும் வந்தது. முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு ஸ்டூலில் குலுங்கினாள். எனக்கும் கண் கலங்கிவிட்டது. ஆறு வருஷப் பாரம் இறங்கினால் கலங்காதா? திரும்பத் திரும்ப அந்தச் சட்டை மடிப்பைப் பெரிதாக்கிப் பார்த்தாள். இனி அவன் தட்டைத் தட்டிவிடமாட்டான் என்பது எங்கள் இரண்டு பேருக்குமே தெரிந்துபோயிற்று.

அன்று சாயங்காலமே போனோம். கனகா தட்டை நீட்டுவதற்கு முன்னாலேயே அவன் வாங்கிக்கொண்டான். உடனே உள்ளே பார்த்துக் காப்பி கொண்டுவரச் சொன்னான். காப்பி குடித்து முடித்த பிறகுதான், டம்ளரைப் பார்த்துக்கொண்டே கேட்டான்.

"இந்தத் தடவை என் தலை எம்புட்டுப் பெருசுக்கா?"

"பத்து இஞ்ச். சின்னச்சாமிக்கும் பத்துதான்."

யோசித்துப் பார்த்துவிட்டு, அது போதும் என்றான்.

குலதெய்வம் கோயிலில் காதுகுத்து. முந்தின நாளே கோயில் முக்கில் ஃப்ளெக்ஸ் ஏற்றிவிட்டேன். மறுநாள் காலை, மேளம் முன்னால் வர, சீர்த்தட்டுகளோடு அழகுமலை வந்தான். அதே சந்தனச் சட்டை. ஃப்ளெக்ஸுக்கு எதிரே வந்ததும் மேளத்தை நிறுத்தச் சொன்னான். அவன் சட்டைப் பையிலிருந்து பட்டறையில் புழங்குகிற இஞ்ச் டேப்பை எடுத்தான். நாற்காலி போட்டு ஏறி முதலில் தன் தலையை அளந்தான், அப்புறம் சின்னச்சாமி தலையை அளந்தான். ஊரே பார்த்துக்கொண்டிருக்க, டேப்பைச் சுருட்டிப் பையில் போட்டுவிட்டு மேளத்தை அடிக்கச் சொன்னான். அப்புறம் அடித்த மேளத்தில் காது அடைத்துவிட்டது, அவ்வளவு சந்தோஷம்.

மொட்டைத் தலையில் சந்தனத்தோடு அழகுபாண்டி மாமன் மடியில் உட்கார்ந்தான். அதுவரை பார்த்தேயிராத மாமனின் மீசையைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தான். மாமன் தன் புருவத் தழும்பைக் காட்டி, இது உங்க ஆத்தா அடிச்சதுடா என்று புகார் சொல்லிக்கொண்டிருந்தான். ஆசாரி ஊசியைக் கையில் எடுத்த நேரத்தில் கனகாவின் போன் சூட்டில் அணைந்துபோயிற்று. அவள் முகம் போன போக்கைப் பார்க்கவேண்டுமே. நான் என் போனை எடுத்து வீடியோ போட்டேன். சார்ஜ் எண்பது. வெயிலில் திரை பளபளவென்று தெரிந்தது. கிட்டத்தில் எடுப்பதால் ஊகமும் கிடையாது, வெள்ளையடிப்பும் கிடையாது. பையன் ஊரைக் கூட்டி அழுதது, மாமன் அவனைவிடப் பதறியது, இரண்டு காதும் முடிந்து கனகா பக்கத்தில் வந்து உட்கார்ந்தது எல்லாம் துல்லியமாக விழுந்தது.

பையன் அழுகையை நிறுத்திக் கற்கண்டைச் சப்ப ஆரம்பித்தபோது, அழகுமலை கழுத்தைத் தடவிக்கொண்டே அக்கா பக்கம் திரும்பினான்.

"அன்னைக்கு டயரைப் புடிச்சுக்கிட்டு நின்னதுல கழுத்தே புடிச்சுக்கிச்சுக்கா. ஒரு போட்டோ எடுக்க இம்புட்டு நேரமா?"

"ஆறு வருசம் ஆச்சுடா" என்றாள் கனகா.

அதுவும் என் வீடியோவில் பதிவாகியிருக்கிறது. அனுப்பி வைக்கிறேன் என்றால், பழைய போனில் இடம் இல்லை, இருக்கிற படத்தில் எதையும் அழிக்கமாட்டேன் என்கிறாள். வாரத்துக்கு ஒரு தடவை கடைக்கு வந்து, என் போனை வாங்கி, ஸ்டூலில் உட்கார்ந்து அதைப் போட்டுப் பார்த்துவிட்டுப் போகிறாள்.