மாமா திருத்திய முகம்

என் அக்கா வாயாடி. இதைக் குறையாகச் சொல்லவில்லை. மாமாவின் போட்டோ ஸ்டுடியோ ஓடியதே அந்த வாயால்தான். பாஸ்போர்ட் படத்துக்கு யாராவது வந்து உட்கார்ந்தால் மாமா விளக்கைச் சரிசெய்துவிட்டு, "சிரிக்காம நேரா பாருங்க" என்பார். அவர் முதுகுக்குப் பின்னால் நின்றுகொண்டு அக்கா, "கல்யாணத்தன்னைக்கும் இவரு இப்படித்தாங்க மூஞ்சிய வெச்சிருந்தாரு" என்பாள். வந்தவர் சிரித்துத் தொலைப்பார். மாமா தலையில் அடித்துக்கொண்டு மறுபடி எடுப்பார். பக்கத்துக் கடையில் ஜெராக்ஸ் போடும் எனக்குப் பலகைத் தடுப்பு வழியாக எல்லாம் கேட்கும்.

மழை விட்டு, கடைகளுக்குப் பின்னால் நெல்வயல்களில் தண்ணீர் நின்ற மாதம் அவளுக்குக் காய்ச்சல் வந்தது. மாத்திரை போட்டுக்கொண்டு படுத்தாள். மூன்றாம் நாள் காலை என்னைப் பார்த்து, "நீங்க யாரு?" என்றாள். வழக்கமான கிண்டல் என்று நினைத்து, "வாடகை வாங்க வந்திருக்கேன்" என்றேன். மத்தியானம் வலிப்பு வந்தது. அந்த அரை நாளை நான் வீணடித்துவிட்டேன் என்ற எண்ணம் இன்னும் என்னை விடவில்லை.

ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா அதை ஜப்பானிய மூளைக்காய்ச்சல் என்றார். ஊருக்கெல்லாம் பாஸ்போர்ட் படம் எடுக்கும் மாமாவிடம் பாஸ்போர்ட் கிடையாது. "நாங்க எங்கயும் போனதில்லையே டாக்டர்" என்றார், பாவம். அது வெறும் பெயர்தான் என்று அந்த அம்மா பொறுமையாக விளக்கினார். பன்றிகளிடமும் நீர்ப்பறவைகளிடமும் இருக்கும் வைரஸ். வயல் தண்ணீரில் பெருகும் கொசு அவற்றைக் கடித்துவிட்டு நம்மைக் கடிக்கிறது. வைரஸ் உடம்புக்குள் போனாலும் பெரும்பாலானவர்களுக்கு ஒன்றும் ஆவதில்லை. சில நூறு பேரில் ஒருவருக்கு மூளைக்கு ஏறிவிடுகிறது.

"அதே கொசு என்னையும்தானே கடிச்சிருக்கும்?" என்றார் மாமா.

"கடிச்சிருக்கலாம்."

"அப்ப இவளுக்கு மட்டும் ஏன்?"

"அதுக்கு என்கிட்ட பதில் இல்லீங்க. வைரஸைக் கொல்ல மருந்தும் இல்ல. வலிப்பை அடக்கலாம், மூச்சு நிக்காம பாத்துக்கலாம். மீதிய அவங்க உடம்புதான் செய்யணும்."

முன்கூட்டியே போட்டுக்கொள்ளத் தடுப்பூசி இருக்கிறது என்பதும் அங்கேதான் தெரிந்தது. கொசுவத்தி வாங்கத் தெரிந்த எங்களுக்கு அதைக் கேட்கத் தெரியவில்லை. யார்மேல் கோபப்படுவது?

பத்தொன்பது நாள் கழித்து வீட்டுக்கு வந்தாள். காய்ச்சல் இல்லை. எங்கள் எல்லோரையும் அடையாளம் தெரிந்தது. பார்க்க வந்தவர்கள், "உயிர் பொழச்சாங்களே, அது போதும்" என்றார்கள். போதுமாம். கை நடுங்கியது, ஒரு வார்த்தை வருவதற்குள் எதிரில் இருப்பவர் எழுந்து போய்விடுவார். முகம் மட்டும் அசையவே இல்லை. கண்கூட எப்போதாவதுதான் இமைத்தது. "முகம் அசையலன்னா உள்ள ஒண்ணும் இல்லன்னு நெனைக்காதீங்க. அசைவை நடத்துற எடம் அடிபட்டிருக்கு" என்றார் டாக்டரம்மா. சிலருக்கு மெல்ல மெல்லச் சரியாகும், ஒரு வருஷம் பார்ப்போம் என்றார்.

அந்த ஒரு வருஷத்தை மாமா கெட்டியாகப் பிடித்துக்கொண்டார். தினமும் கண்ணாடி முன்னால் உட்காரவைத்து, கன்னத்தை உப்பவும் உதட்டை இழுக்கவும் பழக்கினார். ஞாயிற்றுக்கிழமைதோறும் அதே நாற்காலி, அதே விளக்கு, அதே தூரம், ஒரு படம். வரிசையாக ஆல்பத்தில் ஒட்டினார். ஐந்தாம் மாதம் உதட்டோரம் ஒரு துளி மேலேறியிருந்தது. எட்டாம் மாதம் இன்னும் கொஞ்சம். நேரில் பார்க்கும்போது எனக்கு அது தெரியவில்லை. என் கண்ணில்தான் கோளாறு என்று நினைத்துக்கொண்டேன். அவ்வளவு ஆசை எனக்கும்.

வருஷம் முடிந்ததும் மூவரும் ஆல்பத்தோடு போனோம். டாக்டரம்மா படங்களைப் பார்த்தார், அக்காவைப் பார்த்தார், மறுபடி படங்களைப் பார்த்தார்.

"கொஞ்சம் சிரிங்க பாப்போம்."

எதுவும் அசையவில்லை.

"கூச்சப்படுறா" என்றார் மாமா.

"நீங்க போட்டோ ஸ்டுடியோதானே வெச்சிருக்கீங்க?"

மாமா தலை குனிந்துவிட்டார். "முதல்ல வெளிச்சம் சரியில்லன்னு நெனைச்சுதான் திருத்தினேன்" என்றார். வாடிக்கையாளர் முகத்துப் பருவைக் கம்ப்யூட்டரில் அழிக்கிற மாதிரி, வாராவாரம் அக்காவின் உதட்டை மயிரிழை மயிரிழையாக உயர்த்தியிருக்கிறார். எனக்கு அவர்மேல் வந்த ஆத்திரம் அடுத்த நொடியே அழுகையாகிவிட்டது. டாக்டரம்மா திட்டவில்லை. "இனிமே பெருசா மாற்றம் வராதுங்க" என்று மட்டும் சொன்னார்.

அப்போது அக்கா நடுங்கும் கையை நீட்டி ஆல்பத்தைக் கேட்டாள். கடைசிப் படத்தை வெகுநேரம் பார்த்தாள்.

"யாரு?"

"நீதாம்மா" என்றார் மாமா.

நாங்கள் காத்திருந்தோம். சொற்கள் ஒவ்வொன்றாக வந்தன.

"நல்லா இருக்கா. இவளையே... வெச்சுக்கங்க."

மாமா நாற்காலியை இழுத்துப் போட்டு அவள் முகத்துக்கு நேரே உட்கார்ந்தார். "கிண்டல் பண்றியா? கோவமா? எதுன்னாலும் சொல்லும்மா." அவர் அந்த அசையாத முகத்தில் பதிலைத் தேடினார். நானும் தேடினேன். பதில் சொல்லத் தெம்பில்லாமல் அவள் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள்.