மணலுக்காக வாங்கிய ஜீப்

துளசிங்கம் அண்ணன் இறந்த செய்தியை எனக்குச் சொன்னவர் தேசிங்கு. காலடிப்பேட்டை ஐஸ் கம்பெனியில் நான் பில் போடும் மேசைக்கு முன்னால் வந்து நின்று, "ரெண்டு பார் ஐஸ் குடு நைனா. மீனுக்கு இல்ல," என்றார். யாருக்கு என்று கேட்டேன். "என் தங்கச்சி புருசனுக்கு. அவரு பொண்ணு பம்பாய்லேர்ந்து வர்ற வரிக்கும் பாடிய வெக்கணும்." அவர் முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. பல வருடங்களாக இருவருக்கும் பேச்சு இல்லை. ஐஸைத் தானே சாக்கில் சுற்றி, தானே தூக்கிக்கொண்டு போனார்.

அண்ணனைத் தெரிந்து இங்கே வந்திருக்கும் உங்களில் பலருக்கு அவரைப் பற்றி இரண்டு அபிப்பிராயம் உண்டு. கெட்டிக்காரர் என்று ஒன்று. ஈவிரக்கம் இல்லாதவர் என்று இன்னொன்று. இரண்டுமே அந்த ஜீப்பிலிருந்து தொடங்கியவை. அதை வாங்கிய அன்று நான் கூட இருந்தேன்.

எண்ணூர் ஆற்று முகத்துவாரத்தை ஒட்டிய குப்பத்தில் எங்கள் கம்பெனிக்கு அப்போது ஒரு ஐஸ் டிப்போ இருந்தது. நான்தான் அதைப் பார்த்துக்கொண்டேன். துளசிங்கம் அண்ணனும் அவர் மச்சான் தேசிங்கும் கூட்டாக ஒரு ஜீப் வாங்க முடிவு செய்தார்கள். மணலில் படகு இழுக்கவும், பிடித்த மீனைக் காசிமேடு மீன் சந்தைக்குக் கொண்டுபோகவும் ஒரே வண்டி. ஆங்கிலத்தில் அச்சடித்ததைப் படித்துச் சொல்ல என்னைக் கடைக்குக் கூட்டிப்போனார்கள்.

கடைக்காரர் பின் ஆக்சிலில் இரண்டு விதம் உண்டு என்றார். பினியன் என்ற சின்னப் பல்சக்கரத்தில் பதினொரு பல், கிரவுன் என்ற பெரியதில் நாற்பத்தைந்து பல் என்றால் வண்டி ரோட்டில் பறக்கும், இழுவை குறைவு. எட்டுக்கு நாற்பத்து மூன்று என்றால் யானை மாதிரி இழுக்கும்; ஆனால் அறுபதைத் தாண்டினால் இன்ஜின் அலறும். இரண்டு பின் சக்கரத்துக்கும் இழுவையைப் பிரித்துக் கொடுக்கும் டிஃபரன்ஷியலிலும் அப்படித்தான். சாதாரணமானதில் ஒரு சக்கரம் மணலில் சுற்ற ஆரம்பித்தால் மற்றது சும்மா நிற்கும். லாக் வைத்தது என்றால் இரண்டும் சேர்ந்து சுற்றும்.

தேசிங்குக்கு ரோட்டு வண்டிதான் வேண்டும். "மொதல்ல போறவனுக்குதான் மாப்ள காசிமேட்ல ரேட்டு. மணல்ல எவ்ளோ தூரம் ஓட்டப் போறோம், ரோட்ல எவ்ளோ தூரம் ஓட்டப் போறோம்?" என்றார். அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. அண்ணன் அசையவில்லை. "வண்டி எங்க ஓடும்னு பாத்து வாங்கக் கூடாது மச்சான். எங்க நிக்கும்னு பாத்து வாங்கணும். ரோட்ல லேட்டானா மீனுதான் கெடும். மணல்ல நின்னா அல வந்து வண்டியவே தூக்கினு பூடும்." எட்டுக்கு நாற்பத்து மூன்று, லாக்கோடு, என்று எழுதிக்கொள்ளச் சொன்னார். தேசிங்கு வெளியே போய் பீடி பற்றவைத்தார்.

வண்டி வந்த அன்று அண்ணனின் மனைவி மல்லிகா சக்கரங்களுக்கு எலுமிச்சம்பழம் வைத்தார். அடுத்த இரண்டு வருடம் அந்த ஜீப் மணலில் ஒருமுறைகூட நிற்கவில்லை. பத்துப் பேர் இழுக்கும் படகை முனகாமல் மேலே கொண்டுவந்து போடும். காசிமேட்டுக்குத்தான் தினமும் கடைசியாகப் போய்ச் சேரும். தேசிங்கு குப்பத்துக்குத் திரும்பி வந்து இறங்கியதும், கிடைத்த விலையைச் சொல்லாமல் காலிக் கூடையை மட்டும் வீசுவார்.

ஒரு பிற்பகலில் மல்லிகா மீன் காயவைத்துக்கொண்டிருந்தபோது நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். மணல் தாண்டி ஆட்டோ வராது. அண்ணன் ஜீப்பைக் கொண்டுவந்தார். பிடித்துக்கொள்ள ஆள் வேண்டும் என்று நானும் பின்னால் ஏறினேன். மெயின் ரோட்டுக்கு வந்ததும் ஆட்டோவில் மாற்றிவிடலாமா என்று கேட்டேன். "எறக்கி ஏத்தற நேரத்துல பூடலாம்," என்றார். ஆக்சிலரேட்டரை மிதித்தார். வண்டி அலறியது. ஷேர் ஆட்டோக்கள்கூட எங்களைத் தாண்டிப் போயின. "இன்னா இது, இப்டி கத்துது?" என்று மல்லிகா கேட்டார். அதற்குப் பிறகு அவர் ஒன்றும் பேசவில்லை.

டோல்கேட்டுக்கு முன்னால் துறைமுகத்துக்குப் போகும் கண்டெய்னர் லாரிகள் வரிசையாக நின்றன. எங்களைத் தாண்டிப்போன ஆட்டோக்களும் அந்த லாரிகளுக்கு நடுவில் மாட்டிக்கொண்டு நின்றன. எந்தப் பல்லோடு வந்திருந்தாலும் அங்கே நின்றுதான் இருப்போம். ராயபுரம் ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்வதற்கு முன்பே என் மடியில் அவர் தலை கனத்துவிட்டது.

அடக்கத்துக்குப் பிறகு, ஊரே நிற்கும்போது, தேசிங்கு அண்ணனுக்கு எதிரே வந்து நின்றார். குரலை உயர்த்தவில்லை.

"ரோட்ல லேட்டானா மீனுதான் கெடும்னு சொன்னியே மாப்ள. கெட்டுப்போன மீன பொதைச்சிட்டியா?"

அண்ணன் கையில் இருந்த மண்ணைத் துடைத்துக்கொள்ளாமல் நின்றார்.

"என் தங்கச்சிய நெஞ்சுவலி சாவடிக்கல. உன் எட்டுக்கு நாப்பத்திமூணு சாவடிச்சிச்சி."

மறுநாள் தேசிங்கைத் தனியாகப் பார்த்து, லாரிகளையும் ஆட்டோக்களையும் பற்றிச் சொன்னேன். "நீ அவன் வண்டில குந்திகினு வந்தவன், அப்டிதான் சொல்லுவ," என்றார். கூட்டு முறிந்தது. தேசிங்கு பதினொன்றுக்கு நாற்பத்தைந்தில், லாக் இல்லாமல், தனியாக ஒரு வண்டி வாங்கினார். காசிமேட்டுக்கு முதலில் போனார். நல்ல விலை பார்த்தார். குப்பத்தில் குழந்தைகள்கூட அண்ணன் வண்டியைப் பொணவண்டி என்று சொல்லப் பழகின. அண்ணன் அதை விற்கவும் இல்லை, அதைப் பற்றி யாரிடமும் பேசவும் இல்லை.

சில வருடங்கள் கழித்து ஒரு ஐப்பசியில் கடல் திடீரென்று ஏறியது. தேசிங்கின் படகு நங்கூரம் அறுந்து கரையோரக் கல்லுக்குப் பக்கத்தில் புரண்டுகொண்டிருந்தது. இழுக்க வந்த அவருடைய வண்டி ஆக்சில் வரை மணலில் இறங்கிவிட்டது. ஒரு சக்கரம் மணலை வாரி இறைக்க, மற்றது அசையாமல் இருந்தது. யாரோ ஓடிப்போய் அண்ணனைக் கூப்பிட்டார்கள். அவர் வந்தார். ஜீப்பைப் படகுக்கு நேராக நிறுத்தி, இன்ஜினை அணைக்காமல், ஸ்டியரிங்கில் கையை வைத்தபடி உட்கார்ந்திருந்தார்.

"கவுறு கட்டு மாப்ள. என் போட்டு போவுது," என்றார் தேசிங்கு.

"நான் வாங்கின பல்லு எவ்ளோ மச்சான்?"

தேசிங்குக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும் மெதுவாக, "எட்டுக்கு நாப்பத்திமூணு," என்றார்.

"அது யார சாவடிச்சிச்சி?"

அலை படகைத் தூக்கிக் கல்லில் அறைந்தது. தேசிங்கின் மனைவி மணலில் உட்கார்ந்துவிட்டார்.

"யாரியும் சாவடிக்கல."

"அல சத்தத்துல கேக்கல."

தேசிங்கு கத்திச் சொன்னார். அண்ணன் இன்னும் கேட்கவில்லை என்றார். தேசிங்கு மறுபடியும் கத்தினார். அப்போதுதான் படகின் ஒரு பக்கம் பிளந்த சத்தம் கேட்டது. அதற்குப் பிறகு அண்ணன் அவசரப்படாமல் இறங்கி, கயிற்றைக் கட்டி, லாக்கைப் போட்டார். இரண்டு சக்கரமும் சேர்ந்து மணலைக் கடித்தன. ஜீப் புதையாமல் மேலே ஏறியது. ஒரு பக்கம் இல்லாத படகு கூடவே வந்தது. அதன் இன்ஜின் கடலுக்குள் போய்விட்டிருந்தது.

"இதான் மணல் கியரு. நல்லா பாத்துக்கோ," என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

அந்தப் படகு மறுபடி கடலில் இறங்கவில்லை. தேசிங்கு வண்டியை விற்றுவிட்டு மணலியில் கண்டெய்னர் யார்டில் கூலி வேலைக்குப் போனார். இந்த ஒரு காரியத்துக்காக அண்ணனை மன்னிக்காதவர்கள் உங்களில் இருக்கிறீர்கள். உங்களோடு நான் வாதாட வரவில்லை.

போன மாதம் அண்ணனைப் பார்க்கப் போனேன். சிறுநீரகம் கெட்டு, கால் வீங்கி, கட்டிலில் கிடந்தார். வெகுநாளாகக் கேட்க நினைத்ததைக் கேட்டேன்: அன்றைக்குச் செய்ததை நினைத்து வருத்தம் உண்டா?

என் முகத்தைப் பார்த்தபடியே சொன்னார்.

"போட்டு ஒடையும்போது நல்லா இருந்திச்சி நைனா. அந்த சத்தம் காதுக்கு நல்லா இருந்திச்சி. மல்லிகா போனதுலேர்ந்து அன்னிக்கிதான் வவுறு நெறைய துன்னேன். நான் போனப்பறம் எவனாச்சும் வந்து, அவன் உள்ளுக்குள்ள அய்துகினு இருந்தான்னு சொன்னா நம்பாத."

எனக்கு ஆகாதவன் ஒருவன் கெட்டான் என்று கேள்விப்படும்போது எனக்குள்ளும் ஏதோ குளிர்கிறது. அதற்கு நியாயம் என்றும் கணக்குத் தீர்ந்தது என்றும் மரியாதையான பெயர்களை வைத்துக்கொண்டிருந்தேன். அன்றிலிருந்து வைப்பதில்லை. நல்லா இருக்கு என்று அவர் சொன்ன மாதிரியே எனக்குள் சொல்லிக்கொள்கிறேன். பிறகு ரொம்ப நேரம் யாரையும் நிமிர்ந்து பார்க்க முடிவதில்லை. துளசிங்கம் அண்ணனிடமிருந்து எனக்கு மிஞ்சியிருப்பது இதுதான்.